கடலில் இருப்பவர்களுக்காக

அம்மா மறைந்த பிறகு, ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நாகர்கோவிலிலிருந்து சின்னத்துறைக்குப் போய், யூதா ததேயு ஆலயத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றுவேன். அங்கிருந்து கரையோரமாகவே நடந்தால் அம்மா பிறந்த ஊர் வந்துவிடும். அங்கே அவர் பெயருக்கு ஒரு திருப்பலி ஒப்புக்கொடுத்து, நள்ளிரவுப் பூசையும் கண்டு, மறுநாள் காலையில் திரும்புவேன். எல்லா வழிகளும் அடைபட்டுப் போனவர்கள் தேடி வருகிற புனிதர் யூதா ததேயு. அம்மா எதற்கெடுத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார். அரிசி தீர்ந்தாலும் அவர்தான், அண்ணனுக்கு வேலை கிடைக்கவில்லை என்றாலும் அவர்தான்.

2017 டிசம்பரில் மட்டும் போவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பாமல், குமரி மாவட்டக் கரையில் நீரோடியில் தொடங்கி இரயுமன்துறை வரை, தூத்தூர் மண்டலத்தின் எட்டு ஊர்களும் துக்க வீடாகக் கிடந்தன. துக்க வீட்டுக்குள் என் நேர்ச்சையைத் தூக்கிக்கொண்டு போவது சரிதானா என்று மனம் ஒப்பவில்லை. கடைசியில், போகாமல் இருப்பதுதான் பெரிய தவறு என்று பட்டது. கிளம்பிவிட்டேன்.

தக்கலையைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் ஒக்கி விட்டுச் சென்ற தடம். ரப்பர் மரங்கள் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. வாழைத் தோட்டங்கள் மிதிபட்ட கோரைபோல் இருந்தன. மார்த்தாண்டத்தில் கடை வாசல்களில் வழக்கம்போல நட்சத்திரங்கள் தொங்கின. சிவப்பும் மஞ்சளுமாக, வால் வைத்தவையும் வைக்காதவையுமாக. நித்திரவிளை தாண்டிக் கடலை நோக்கி இறங்க இறங்க அவை குறைந்துகொண்டே வந்தன. கரைக்கு வந்தபோது ஒன்றுகூட இல்லை. அவற்றுக்குப் பதில் தெரு முனைகளில் பிளெக்ஸ் பலகைகள். ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாக ஆண்களின் முகங்கள். கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்த முகம், ஆதார் அட்டையிலிருந்து எடுத்த முகம், மீசை முளைக்காத முகம்.

இந்த ஊர்க்காரர்களின் தொழிலை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவர்கள் விடியலில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் அல்லர். ஆழ்கடலில் சுறா வேட்டைக்குப் பெயர்பெற்றவர்கள். கொச்சித் துறைமுகத்திலிருந்தும் பிற துறைமுகங்களிலிருந்தும் விசைப்படகில் புறப்பட்டால் பத்து நாளோ முப்பது நாளோ கழித்துத்தான் கரை காண்பார்கள். ஒரே படகில் அப்பாவும் மகனும் மைத்துனனும் இருப்பார்கள். ஆகவே ஒரு படகு வரவில்லை என்றால் ஒரு குடும்பத்தின் ஆண்கள் எல்லோரும் வரவில்லை என்று பொருள். எவ்வளவு தொலைவில் இருந்தாலும் கிறிஸ்துமஸுக்கு வீடு வந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் நவம்பரில் கடலுக்குப் போவார்கள். எங்களுக்கெல்லாம் கிறிஸ்துமஸ் என்றால் பாலகன் இயேசு வருகிற நாள். இந்தக் கரையின் பிள்ளைகளுக்கு அப்பா வருகிற நாளும் அதுதான்.

நவம்பர் 30 காலையில் ஒக்கி புயலாக உருவெடுத்தபோது அவர்கள் அந்தத் தொலைவில் இருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களிடம் போய்ச் சேரவில்லை. படகில் இருக்கும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. நவம்பர் 30 திருத்தூதர் அந்திரேயாவின் திருநாளும்கூட. வலை வீசிக்கொண்டிருந்த சகோதரர்களை இயேசு அழைத்ததும், அவர்கள் வலைகளை விட்டுவிட்டுப் பின்சென்றதும்தான் அன்று திருச்சபை முழுவதும் வாசிக்கப்படும் நற்செய்தி. அந்தக் காலைப் பூசையில் அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்த பெண்கள் காற்றின் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சின்னத்துறை ஆலயத்தில் அன்று பெரிய கூட்டம் இல்லை. திரிகள் மட்டும் ஏராளமாக எரிந்தன. நான் கொண்டுபோன ஒற்றைத் திரியைச் செருக இடம் தேட வேண்டியிருந்தது. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவர்கூட அழவில்லை. அழுது முடித்த களைப்பு என்று முதலில் எண்ணினேன். பிறகுதான் புரிந்தது, அவர்கள் அழ மறுத்துக்கொண்டிருந்தார்கள். அழுதால் இறந்துவிட்டார் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அவர்கள் காத்திருந்ததற்குக் காரணமும் இருந்தது. காற்று அடித்துச் சென்ற படகுகள் லட்சத்தீவிலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் கரை சேர்ந்த செய்திகள் டிசம்பரின் முதல் வாரங்களில் வந்தபடி இருந்தன. ஒரு வீட்டுக்கு போன் வந்தால் தெருவே ஓடிவரும். இன்னொரு பக்கம், கேரள மருத்துவமனைகளின் பிணவறைகளில் முகம் தெரியாத உடல்கள் கிடந்தன. அடையாளம் காண இரத்த மாதிரி கொடுக்க இந்த ஊர்களிலிருந்து தாய்மாரும் பிள்ளைகளும் போய்வந்தார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்து, தேடுங்கள், இன்னும் தேடுங்கள் என்று கேட்டதும் அந்த நம்பிக்கையில்தான்.

அம்மாவின் ஊருக்கு வந்தபோது மாலையாகிவிட்டது. அந்த ஊரின் பெயரை எழுத எனக்கு மனமில்லை. அங்கே நான் பார்த்ததெல்லாம் எட்டு ஊர்களிலும் நடந்திருக்கும்.

யாருக்காகத் திருப்பலி என்பதைப் பதிவு செய்ய, ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையிடம் போனேன். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். எந்தப் பங்கிலும் இருக்கிற நோட்டுதான்: ஒரு பக்கம் நன்றிக்காகவும் வேண்டுதலுக்காகவும், எதிர்ப்பக்கம் இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. அம்மாவின் பெயரைச் சொன்னேன், வலப்பக்கத்தில் எழுதிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் ஓரிரு பெயர்களே இருந்தன. இடப்பக்கம் நிறைந்து, ஓரங்களிலும் எழுதி, தனித்தாள் ஒட்டி, அதிலும் எழுதியிருந்தது. பெயர், படகின் பெயர், கீழே ஒரே வரி: ‘நலமாகத் திரும்பி வர.’

“டிசம்பர் ஒன்றிலிருந்து இப்படித்தான். ஏழாம் நாள் பூசைக்கு யாரும் எழுதவில்லை. முப்பதாம் நாள் வருகிறது. எந்தப் பக்கத்தில் எழுதட்டும் என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. அவர்களே விரலை வைத்துக் காட்டுவார்கள்” என்றார்.

வலப்பக்கத்தில் அம்மாவின் பெயர் தனியே நின்றது. அம்மாவுக்கு ஒரு தேதி இருக்கிறது, ஒரு கல்லறை இருக்கிறது, நவம்பர் 2 அன்று பூ வைக்க ஓர் இடம் இருக்கிறது. இவையெல்லாம் எனக்குக் கிடைத்த கொடை என்று அந்த நோட்டைப் பார்க்கும்வரை நான் ஒருமுறைகூட எண்ணியதில்லை.

ஆலயத்தின் உள்ளே இளைஞர்கள் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மற்ற ஆண்டுகளில் நவம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடுவார்கள்; மலையும் அருவியும் ஓடும் ரயிலும் வைத்து ஊருக்கு ஊர் போட்டி நடக்கும். அன்று மதியம்தான் தொடங்கியிருந்தார்கள். கடற்கரை மணலைக் கொட்டி, நான்கு கம்பு ஊன்றி, மேலே ஒரு பழைய வலையைப் போட்டிருந்தார்கள். மின்விளக்கு இல்லை. கேரல் குழு இந்த ஆண்டு மேளம் இல்லாமல் வீடு வீடாகப் போய் ஜெபமாலை சொல்லிவிட்டு வந்ததாம். கிறிஸ்துமஸ் தாத்தா உடையை யாரும் வெளியே எடுக்கவில்லை. குடிலே வேண்டாம் என்று சிலர் சொன்னார்களாம். வேண்டும் என்று சொன்னவர்கள் கணவனைத் தேடிக்கொண்டிருந்த பெண்கள்தான். “அவர்கள் வந்து பார்த்தால், பாலகனுக்கு ஒரு குடில்கூடப் போடவில்லையா என்று கேட்பார்கள்” என்று ஒரு பெண் சொன்னாராம். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அடுத்த பேச்சு மணியைப் பற்றி. நள்ளிரவில் ‘உன்னதங்களிலே இறைவனுக்கு மாட்சிமை’ பாடத் தொடங்கும்போது கோபுர மணி அடிக்க வேண்டும். எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆனால் அந்த மணியை ஊர் வேறு விதமாகக் கேட்கப் பழகியிருந்தது. உடல் வந்தால் மணி, படகு பற்றிய தகவல் வந்தால் மணி, ஊரைக் கூட்ட மணி. நடு இரவில் அது ஒலித்தால் வயதானவர்களுக்கு மாரடைத்துவிடும் என்றார் ஒரு பெரியவர். மணி அடிக்காமல் பிறப்பா என்று கேட்டார் இன்னொருவர். பங்குத்தந்தை இருவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டிருந்தார். மாதாவுக்கு மகிழ்ச்சியான செய்தி வந்ததும் முதலில் அவர் கலங்கித்தான் போனார் என்று இன்று காலை வாசித்தோம், கலங்குகிறவர்களை வைத்துக்கொண்டு பெரிய சத்தம் வேண்டாம் என்றார். அந்த ஆண்டு டிசம்பர் 24 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் நான்காவது திரியைக் காலையில் ஏற்றிவிட்டு, அதே நாள் இரவில் பிறப்புத் திருப்பலிக்குக் கூட வேண்டியிருந்தது.

திருவருகைக் காலத்தின் வாசகங்களை எத்தனையோ ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். அந்த ஆண்டு அவை இந்தக் கரைக்கென்றே எழுதப்பட்டவைபோல் வரிசையாக வந்தன. புயல் இந்தக் கரையில் அடித்த மூன்றாம் நாள், டிசம்பர் 3 அன்று, வீட்டுத் தலைவர் மாலையிலோ நள்ளிரவிலோ சேவல் கூவும் வேளையிலோ வரலாம், விழித்திருங்கள் என்ற நற்செய்தி. அடுத்த ஞாயிறு, என் மக்களுக்கு ஆறுதல் சொல்லுங்கள் என்ற எசாயாவின் வாக்கு. மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. எப்போதும் மகிழ்ந்திருங்கள் என்று பவுல் எழுதியதை அந்தப் பீடத்தில் நின்று வாசித்த பெண் பாதியில் நிறுத்திவிட்டாராம். சபையில் இருந்த இன்னொரு பெண் எழுந்துபோய் மீதியை வாசித்தாராம். இதை என்னிடம் சொன்ன சிறுமி, “இரண்டு பேர் வீட்டிலும் ஆள் வரவில்லை அக்கா” என்றாள்.

இரவுத் திருப்பலிக்கு ஆலயம் நிறைந்தது. புத்தாடை யாரும் உடுத்தவில்லை. ஆண்கள் பக்கம் இடைவெளிகள் இருந்தன. அந்த இடங்களில் வேறு யாரும் போய் உட்காரவில்லை. காரிருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள் என்ற வாசகம் முடிந்தபோது எங்கோ ஒரு குழந்தை சிரித்தது. அதற்கு முன்பே, ‘உன்னதங்களிலே’ தொடங்கியபோது, கோபுர மணி அடிக்கவில்லை. பீடச் சிறுவன் ஒருவன் கைமணியை ஆட்டினான். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக, பாடல் முடியும்வரை நிறுத்தாமல். அவ்வளவு சிறிய ஓசை அவ்வளவு பெரிய ஆலயத்தில் கடைசி வரிசைவரை கேட்டது. பாடகர் குழுவில் ஆண்குரல் குறைவு. அந்தச் சுருதியைப் பெண்களே எடுத்துப் பாடினார்கள்.

மன்றாட்டு வந்தது. இறந்தோருக்காக ஒன்று, காணாமற்போனோருக்காக ஒன்று என்று பிரித்து வாசிப்பார்கள் என எதிர்பார்த்தேன். ஒரே மன்றாட்டுதான் வந்தது: கடலில் இருக்கும் எங்கள் சகோதரர்களுக்காக மன்றாடுகிறோம். உயிரோடு இருப்பவரும் அதில் இருந்தார், கடலடியில் கிடப்பவரும் இருந்தார், உடல் கிடைத்துப் புதைக்கப்பட்டவரும் இருந்தார். எந்த மனைவியையும் எந்தப் பக்கத்திலும் விரல் வைக்கச் சொல்லாத வார்த்தை அது. அதை எழுதியவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை.

பூசை முடிந்ததும் பட்டாசு இல்லை, கேக் இல்லை. கட்டன் காப்பி கொடுத்தார்கள். பலரும் வீட்டுக்குப் போகாமல் கடலைப் பார்த்துக்கொண்டு கெபி என்கிற சிறு குகைக் கோயிலின் அருகில் உட்கார்ந்திருந்தார்கள். 2004-ல் டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கழற்றப்படாத வீடுகளுக்குள் இதே கடல் புகுந்ததை ஒருவர் நினைவுகூர்ந்தார். கொட்டில்பாடும் குளச்சலும் இங்கிருந்து தூரமில்லை. அவர் கடலைத் திட்டவில்லை. “அது நமக்குச் சோறு போட்டது” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தாய் என்னிடம் வந்தார். இரவுப் பூசையில் எனக்கு முன்னால் இருந்தவர்.

“மக்களே, நாகர்கோவிலுக்கா போகிறாய்?”

“ஆமாம் அம்மா.”

“சவேரியார் கோயிலுக்குப் போவாயா?”

போவேன் என்றேன். 1544-ல் ஒரே மாதத்தில் இந்தக் கரையோரத்து மக்கள் பத்தாயிரம் பேருக்குமேல் திருமுழுக்குக் கொடுத்தவர் சவேரியார். அவரிடம் இவர்கள் வைக்கிற உரிமை, தாத்தாவிடம் பேரப்பிள்ளைகள் வைக்கிற உரிமை. முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது ரூபாய் எடுத்துக் கையில் வைத்தார்.

“இரண்டு திரி ஏற்று. ஒன்று என் மகனுக்கு.”

“பெயர் என்ன அம்மா?”

“பெயர் வேண்டாம். கடலில் இருக்கிறவனுக்கு என்று சொல், அவருக்குத் தெரியும்.” சற்று நின்று தொடர்ந்தார். “நான் இரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். அங்கே யாரும் தேடி வராத பிள்ளைகளும் கிடக்கிறார்கள். மற்றொன்று அவர்களுக்கு.”

கோட்டாறில் இறங்கியபோது மதியமாகிவிட்டது. பேராலயத்தில் புத்தாடை உடுத்திய குடும்பங்கள் குடிலின் முன் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு திரி வாங்கினேன். முதல் திரியை ஏற்றி, அவர் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். அதன் சுடரிலேயே இரண்டாவதையும் பற்றவைத்து, இரண்டும் நன்றாகப் பிடித்து எரியும்வரை அங்கேயே நின்றேன்.