அந்தப் பணத்தைத் தொட்டிருக்கவே வேண்டாம்

கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் முழுக்கக் கடன் பட்டியல். எந்த கார்டு, எவ்வளவு பாக்கி, எவ்வளவு வட்டி, கடைசியாக என்றைக்குக் கட்டினார், எல்லாம் பொடி எழுத்தில், கணக்குப்பிள்ளை எழுதினது மாதிரி. மொத்தம் பதினொரு வரி. அதில் ஏழு வரியை ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் அடித்திருந்தார். "இதெல்லாம் முடிச்சாச்சு தம்பி, இன்னும் நாலுதான், அதுக்குத்தான் வந்தேன்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எதை வைத்து முடித்தீர்கள் அண்ணா என்று கேட்டேன். வேலை போனதும் 401கே கணக்கை மூடி எடுத்தேன் என்றார். வேலை செய்கிற கம்பெனி மூலமாக ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கிற கணக்கு அது. 62,000 டாலர், பதினாறு வருடச் சேமிப்பு.

நான் அமெரிக்காவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் திவால் மனுக்கள் தயாரிக்கிற பாராலீகல். வக்கீல் இல்லை, சட்ட ஆலோசனை சொல்கிற உரிமையும் எனக்குக் கிடையாது. தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் என்னைப் பக்கத்தில் உட்காரவைப்பார்கள், அவ்வளவுதான். இவரைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். பேரும் ஊரும் இல்லாமல் எழுது, நாலு பேருக்காவது தெரியட்டும் என்றார். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சிவப்புக் கோடுகளைப் பற்றி. கிரெடிட் கார்டு பாக்கி என்பது திவால் சட்டத்தின் சாப்டர் 7-இல் மனு போட்டால் பொதுவாக அப்படியே ரத்தாகிற கடன். மனு போட்ட நாளிலிருந்து நாலைந்து மாதத்தில் டிஸ்சார்ஜ் உத்தரவு, அதாவது கடனை ரத்து செய்யும் உத்தரவு, வந்துவிடும். 401கே பணமோ எந்தக் கார்டு கம்பெனியும் கை வைக்க முடியாத பணம். இப்படிப்பட்ட ஓய்வுக்காலத் திட்டத்தில் இருக்கும் பணம் திவால் சொத்தில், அதாவது கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சொத்தில், சேராது என்று 1992-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதாவது, யாராலும் எடுக்க முடியாத பணத்தைத் தானே எடுத்து, தானாகவே ரத்தாகியிருக்கக்கூடிய கடனை அடைத்திருக்கிறார்.

அதோடு முடியவில்லை. ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்ததால் 10 சதவீதம் கூடுதல் வரி. அது போக, எடுத்த தொகை முழுவதும் அந்த வருட வருமானம், அவருடைய வரி அடுக்கில் 22 சதவீதம். பணம் கொடுக்கும்போதே 20 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள், கைக்கு வந்தது 49,600. எல்லா வரியும் கட்டியாயிற்று என்று நினைத்திருந்தார். இன்னும் ஏழாயிரத்துச் சொச்சம் பாக்கி, மாநில வரி தனி. இந்த வரி இருக்கிறதே, அது புதுசு. ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கெடு முடிந்து மூன்று வருடம் ஆகாத வருமான வரி திவாலில் போகாது. திவாலில் போகக்கூடிய கடனை அடைத்துவிட்டு, போகாத கடனை வாங்கி வந்திருக்கிறார். எங்கள் வக்கீல் நோட்டைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவுமே பேசவில்லை. பத்து வருடத்தில் இந்த மௌனத்தை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

ஏன் இப்படிச் செய்கிறோம்? நம் பேச்சிலேயே இருக்கிறது பதில். மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான், ஐ.பி. போட்டுட்டான். இந்த இரண்டையும் நாம் எந்தத் தொனியில் சொல்லிக் கேட்டு வளர்ந்தோமோ, அது கடல் தாண்டியும் கூடவே வருகிறது. ஊரை ஏமாற்றினவன் என்கிற அர்த்தம் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால் கடைசிக் காசு தீர்கிற வரைக்கும் கட்டிப் பார்க்கிறோம். நாணயமானவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள், இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். வட்டி மட்டும் இரண்டு வருடம் கட்டி, நகையை விற்று, ஓய்வூதியப் பணத்தை எடுத்து, அப்புறம் ஒன்றுமே இல்லாதபோது எங்களிடம் வருகிறார்கள். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் அந்தப் பணமாவது மிஞ்சியிருக்கும்.

இன்னொன்று, உறவுக்காரர்களுக்கு முதலில் கொடுப்பது. மச்சானிடம் வாங்கின எட்டாயிரத்தை முதலில் திருப்பிக் கொடுத்துவிடுவோம், பேங்க்காரன் காத்திருக்கட்டும் என்று தோன்றுவது இயல்பு. மனு போடுவதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் அப்படி நெருங்கிய சொந்தத்துக்குக் கடனைத் திருப்பியிருந்தால் டிரஸ்டி, அதாவது திவால் சொத்தைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்படுகிறவர், அந்தப் பணத்தை மச்சானிடமிருந்தே திரும்ப வாங்க வழக்குப் போட முடியும். பாவம், உதவி செய்த மனுஷன் கோர்ட் நோட்டீஸ் வாங்குவார். வெளியாருக்கு இது 90 நாள்தான், சொந்தக்காரர்களுக்கு ஒரு வருடம். அதே மாதிரி காரையோ வீட்டையோ தம்பி பேருக்கு மாற்றிவிட்டு வருவது. அது இன்னும் மோசம், டிஸ்சார்ஜே கிடைக்காமல் போகலாம்.

நகையை எழுத மறப்பது, ஊரில் அப்பா வழியில் வந்த நிலத்தில் பங்கு இருப்பதைச் சொல்லாமல் விடுவது, இதுவும் அடிக்கடி நடக்கிறது. "அது இந்தியாவில்தானே இருக்கு" என்பார்கள். சொத்து எங்கே இருந்தாலும், யார் கையில் இருந்தாலும் என்றுதான் சட்டத்தின் வாசகமே. தாலிக்கொடி உட்பட எழுத வேண்டும். எழுதுவதால் உடனே பறித்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை, இவ்வளவு மதிப்பு வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று விலக்கு வரம்பு ஒன்று இருக்கிறது. மறைத்தால்தான் குற்ற வழக்கு, ஐந்து வருடம் வரை சிறை. சிட்டிசனாக இருக்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள், வேண்டியதில்லை. இங்கே வசித்தால் போதும்.

சரி, சீக்கிரம் வா சீக்கிரம் வா என்கிறேனே, சீக்கிரம் வருகிறவனிடம் காசு இருக்கிறதா? இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். சாப்டர் 7-க்குக் கோர்ட் கட்டணம் 338 டாலர். அதைத் தவணையில் கட்டலாம், வருமானம் ரொம்பக் குறைவென்றால் தள்ளுபடியும் கேட்கலாம். வக்கீல் ஃபீஸுக்கு அந்த வழி இல்லை. மனு போடுவதற்கு முன் செய்த வேலைக்கு ஃபீஸ் பாக்கி வைத்தால் அந்தப் பாக்கியும் மற்றக் கடன்களோடு சேர்ந்து ரத்தாகிவிடும். அப்புறம் திவால் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் 2004-இல் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது. ஆகவே பொதுவாக வக்கீல்கள் முழுத் தொகையையும் முன்னாலேயே கேட்பார்கள். சம்பளத்தில் கால்வாசியை ஜப்தியில் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள் ஆயிரத்துச் சொச்சம் டாலரை எங்கிருந்து கொண்டுவருவார்?

அதனால் என்ன நடக்கிறது என்றால், வருமானத்திலிருந்து தவணையாகக் கடனைக் கட்டும் சாப்டர் 13 பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அதில் வக்கீல் ஃபீஸை மூன்று முதல் ஐந்து வருடத் தவணைத் திட்டத்துக்குள்ளேயே போட்டுவிடலாம், முதலில் ஒன்றும் தர வேண்டாம் என்று விளம்பரமே வரும். வீட்டுத் தவணை பாக்கி விழுந்து ஏலத்துக்குப் போகிறது, அதை நிறுத்தி மெதுவாகக் கட்ட வேண்டும் என்றால் சாப்டர் 13 அருமையான வழி, அதற்காகத்தான் அது இருக்கிறது. ஆனால் வீடும் இல்லை, மிச்சம் பிடிக்க வருமானமும் இல்லை, கார்டு கடன் மட்டும்தான் என்கிற ஆளை ஐந்து வருடத் திட்டத்தில் மாட்டிவிடுவது நியாயமே இல்லை. நடுவில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வரும், தவணை தவறும், வழக்கு தள்ளுபடியாகும், பழைய கடன் எல்லாம் வட்டியோடு திரும்பி வந்து நிற்கும். டிஸ்சார்ஜ் வரை போய்ச் சேராமல் நிற்கும் சாப்டர் 13 வழக்குகள் ஏராளம். கறுப்பின மக்களை இந்தப் பக்கம் அதிகமாகத் தள்ளுகிறார்கள் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. இப்போது சில வக்கீல்கள் ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள், மனுவுக்கு முன் ஒன்று, மனுவுக்குப் பின் ஒன்று. பின்னதைத் தவணையில் வாங்கலாம் என்று ஒரு நீதிபதி ஒப்புக்கொள்கிறார், இன்னொரு மாவட்டத்தில் கூடாது என்கிறார்கள். நாடாளுமன்றம் ஒரு திருத்தம் போட்டால் தீருகிற விஷயம் இது.

கல்விக் கடனைப் பற்றி ஒரு நல்ல செய்தி இருக்கிறது, அது பரவவே இல்லை. அது திவாலில் போகவே போகாது என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள். அளவுக்கு மீறிய கஷ்டம் என்று நிரூபிக்கத் தனி வழக்குப் போட வேண்டும் என்பது நிஜம், 1987 நியூயார்க் தீர்ப்பு ஒன்றில் வந்த கடுமையான சோதனையைத்தான் பெரும்பாலான நீதிமன்றங்கள் இன்னும் வைத்திருக்கின்றன என்பதும் நிஜம். ஆனால் 2022 நவம்பரில் நீதித் துறை ஒரு வழிமுறை கொண்டுவந்தது. அரசுக் கடனுக்கு ஒரு படிவம், அதில் வருமானம், செலவு, ஏன் கட்ட முடியவில்லை என்று உறுதிமொழியாக எழுதிக் கொடுத்தால் அரசு வக்கீலே ரத்துக்கு ஒப்புக்கொள்ள வழி இருந்தது. கேட்டவர்களில் பலருக்குக் கிடைத்தது. கேட்காதவர்கள்தான் அதிகம்.

வியாபாரிகள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போதெல்லாம் சிறு வியாபாரி வந்தால் பேங்க் ஸ்டேட்மெண்டைத்தான் முதலில் புரட்டுவேன். போன மாதம் ஒருவர், ஆபீஸ் சுத்தம் செய்யும் கம்பெனி வைத்திருப்பவர், கொண்டுவந்ததில் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் மூன்று பற்று. 387, 412, 265. மறுநாளும் அதே 387, 412, 265. பக்கம் பக்கமாக அப்படியே. மெர்ச்சண்ட் கேஷ் அட்வான்ஸ். இது கடன் இல்லை, உங்கள் வருங்கால வரவை நாங்கள் விலைக்கு வாங்குகிறோம் என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். கடன் இல்லை என்றால் வட்டி உச்சவரம்பும் இல்லை. முதல் அட்வான்ஸைக் கட்ட இரண்டாவது, இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. மூன்றிலும் முதலாளியின் சொந்த ஜாமீன் கையெழுத்து.

கம்பெனியை மூடிவிட்டால் தலைவலி போய்விடும் என்று நினைத்துத்தான் வருகிறார்கள். எல்.எல்.சி., அதாவது முதலாளியிடமிருந்து தனியாகப் பதிவான கம்பெனி, சாப்டர் 7 போட்டால் அதற்கு டிஸ்சார்ஜே கிடையாது. சொத்து பிரிந்து முடிந்துவிடும், அவ்வளவுதான். ஜாமீன் போட்டவர் தலையில் கடன் அப்படியே நிற்கும். அவர் தனியாக மனு போட வேண்டும். அப்போது ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. 2005 சட்டம் கொண்டுவந்த மீன்ஸ் டெஸ்ட், அதாவது உன் வருமானம் மாநில நடுத்தர வருமானத்தை விட அதிகமா என்று பார்க்கும் கணக்கு, கடனில் பெரும்பகுதி வீட்டுச் செலவுக்கு வாங்கினதாக இருந்தால்தான் பொருந்தும். பெரும்பகுதி வியாபாரக் கடன் என்றால் அந்தக் கணக்கே வேண்டாம்.

கம்பெனி உயிரோடு இருக்க வேண்டும் என்றால் கம்பெனியை மூடாமல் கடனைச் சீரமைக்கும் சாப்டர் 11-க்குள் இருக்கும் சப்சாப்டர் 5-தான் வழி. 2020 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது, சிறு தொழில்களுக்கு இதுவரை வந்ததிலேயே உருப்படியான சட்டம் இதுதான் என்பது என் எண்ணம். 90 நாளில் திட்டம், கடன்கொடுத்தோர் குழு பொதுவாகக் கிடையாது, முதலாளி தன் பங்கை இழக்காமல் மூன்று முதல் ஐந்து வருட வரவில் கட்டலாம். கொரோனா காலத்தில் கடன் வரம்பை 75 லட்சம் டாலராக உயர்த்தினார்கள். 2024 ஜூன் 21-ஆம் தேதி அது காலாவதியாகி 30 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. 2025 ஏப்ரலில் விலைவாசிக் கணக்குப்படி 34,24,000 டாலர் ஆக்கினார்கள். பழைய வரம்பை நீட்டிக்கத்தான் ஆளில்லை. ஐம்பது லட்சம் கடனில் இருக்கும் ஒரு தொழிற்சாலை இப்போது பெரிய கம்பெனிகள் போகும் அதே சாப்டர் 11-க்குப் போக வேண்டும், அந்தச் செலவே அதைக் கொன்றுவிடும்.

பெரியவர்களுக்கு என்ன குறை? ஆக்ஸிகான்டின் வலி மாத்திரை விற்ற பர்டியூ ஃபார்மா வழக்கில் அதன் முதலாளிகளான சாக்லர் குடும்பம் தாங்கள் திவால் மனுவே போடாமல், கம்பெனியின் திவாலைப் பயன்படுத்தித் தங்கள் மேல் வரும் வழக்குகளிலிருந்து விடுபடப் பார்த்தது. அதற்கு முன் கம்பெனியிலிருந்து எடுத்த பணம் சுமார் 1,100 கோடி டாலர். 2024 ஜூன் 27-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் கூடாது என்றது. ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் பேபி பவுடரால் புற்றுநோய் வந்தது என்ற வழக்குகளை ஒரு புதுக் கம்பெனியில் ஏற்றி அதைத் திவாலாக்க மூன்று தடவை முயன்றது, மூன்றாவதை ஹூஸ்டன் நீதிபதி 2025 மார்ச்சில் நிராகரித்தார். மூன்று தடவை. நோட்டில் கோடு போட்டவருக்கு ஒரு தடவை வருவதற்கே பதினாறு வருடச் சேமிப்பு தீர வேண்டியிருந்தது.

அவர் மனுவை நாங்கள் போட்டோம். மிச்ச நாலு கார்டுக்கும் சேர்த்து 31,000. டிரஸ்டி விசாரணை இப்போது ஜூமில்தான் நடக்கிறது, சட்டைக்கு மேல் கோட்டெல்லாம் போட்டு அரை மணி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். பேர், முகவரி, எல்லாச் சொத்தையும் எழுதியிருக்கிறீர்களா, யாருக்காவது ஏதாவது மாற்றிக் கொடுத்தீர்களா, இந்த மாதிரி ஏழெட்டுக் கேள்வி. ஆறு நிமிடம். டிரஸ்டி அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்ட பிறகும் இவர் திரையை விட்டு நகரவில்லை. எனக்கு போன் செய்து, "அவ்வளவுதானா தம்பி?" என்று கேட்டார். அவ்வளவுதான் அண்ணா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த ஏழு கார்டுக்கும் இதே ஆறு நிமிஷம்தானா?" என்றார்.

டிஸ்சார்ஜ் உத்தரவு வந்த அதே வாரம் வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்தும் ஒரு கடிதம் வந்திருக்கிறது, மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டு. முதல் தவணை போன பதினைந்தாம் தேதி கட்டிவிட்டார். நோட்டில் புதுப் பக்கம் ஒன்று ஆரம்பித்து அதை எழுதியிருக்கிறாராம்.