அப்பா தட்டிய கதவு

நவம்பர் வந்தால் ராணுவத்தில் இருந்த அப்பாவை பென்ஷனுக்கான லைஃப் சர்டிபிகேட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். இந்த முறை ரேகை மெஷினில் மூன்று தடவை விரல் பதியவில்லை. தேய்ந்துபோன விரல். நாலாவது தடவை பதிந்ததும் வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவராகவே யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

1987 ஜூலை 29-ல் இந்தியா-இலங்கை ஒப்பந்தம். அப்பாவின் யூனிட் ஆகஸ்டில் போய் இறங்கியது. அமைதிப்படை என்றுதான் பெயர். தெருவில் ஜனங்கள் மாலை போட்டிருக்கிறார்கள். அக்டோபர் 10-ல் விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது. 1990 மார்ச்சில் கடைசிப் படை திரும்பியபோது சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். செத்துப்போன யாழ்ப்பாணத்து ஜனங்களையும் அப்பா அந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பேசுவார்.

அவர் யூனிட்டில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் சிலபேர்தான். வீடு வீடாகத் தேடும்போது முன்னால் போய்க் கூப்பிடுவது அவர் வேலை. ஒரு ஒழுங்கையில், அதாவது குறுகிய சந்தில், பனையோலை வேலிக்குப் பின்னால் ஒரு வீடு. அப்பா கதவைத் தட்டினார். "தம்பி, நீங்கள் தமிழோ?" என்று உள்ளேயிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். "ஆமாம்மா. எல்லாரும் வெளியில வாங்க. விசாரிச்சிட்டு ஒரு மணி நேரத்துல விட்டுடுவாங்க" என்றாராம். அந்த அம்மாவுக்குப் பின்னால் ஒரு பையன் வந்தான். நீலக் கட்டம் போட்ட சாரம், சட்டை இல்லை. வண்டியில் ஏறினான். மறுநாள் அப்பாவின் யூனிட்டை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

வருஷக்கணக்காக இந்தக் கதையின் பாதியிலேயே நான் குறுக்கிட்டு, "உத்தரவுதானேப்பா, நீங்க என்ன பண்ண முடியும்" என்று சொல்லிவிடுவேன். ஆறுதல் என்று நினைத்தேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

"கூப்பிடுன்னுதான் உத்தரவு, பாப்பா. ஒரு மணி நேரம்னு யாரும் சொல்லச் சொல்லல. அது நானா சொன்னது."

போரைத் தொடங்கிய பாவத்தை நாயக் என்ற கீழ்நிலை ரேங்கில் இருந்த ஒருவரின் தலையில் கட்டுவதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். முடிவெடுத்தவர்களில் ஒருவரும் அந்த ஒழுங்கையில் நிற்கவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அப்பாவுடையது. அதை அவரிடமிருந்து பிடுங்கி "உத்தரவு" என்ற மூட்டைக்குள் போட எனக்கு உரிமை இல்லை. 1930-ல் பெஷாவரில் ஆயுதமில்லாத கூட்டத்தைச் சுட மறுத்து ஆயுள் தண்டனை வாங்கிய ஹவில்தார் மேஜர் சந்திர சிங் கர்வாலியை நான் கும்பிடுகிறேன். ராணுவச் சட்டத்தின் 41-வது பிரிவே சட்டப்படியான கட்டளையை மீறுவதைத்தான் குற்றம் என்கிறது. அநியாயமான உத்தரவை மறுக்க அங்கே இடம் இருக்கிறது. ஆனால் "கதவைத் தட்டிக் கூப்பிடு" என்பதை யார் மறுப்பார்கள்? அப்பாவைப் போன்றவர்களுக்கு வந்ததெல்லாம் இப்படிப்பட்ட சின்ன உத்தரவுகள்தான். அதில் அவரவர் சேர்த்த சொல்லும், சொல்லாமல் விட்டதும் அவரவர் கணக்கு.

டீ ஆறிப்போயிருந்தது. வேறு வாங்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அப்போ அவனுக்குப் பதினேழு இருக்கும்" என்றார். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "இருந்தா இப்போ ஐம்பத்தஞ்சு."