குருஷ்சேவை மதிப்பிடச் சொன்னால் எப்படி எழுதுவது? என் அனுபவம்

எம்.ஏ. வரலாறு தபால் வழியில் படித்தபோது, இருபதாம் நூற்றாண்டு உலக வரலாற்றுத் தாளுக்கு ஒரு கேள்வியைக் கட்டாயம் தயார் பண்ணிக்கொள் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள்: "குருஷ்சேவின் தலைமைப் பாங்கையும், அவர் விட்டுச்சென்ற தாக்கத்தையும் மதிப்பிடுக." ஸ்டாலினுக்குப் பின் 1964 வரை சோவியத் யூனியனின் தலைவராக இருந்தவர் குருஷ்சேவ். உள்மதிப்பீட்டுக்கு ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 20க்கு 8 மார்க். திருத்திய பேராசிரியர் 'மதிப்பிடுக' என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் "இது வாழ்க்கை வரலாறு" என்று எழுதியிருந்தார்.

அவர் சொன்னது சரிதான். 1894இல் கலினோவ்காவில் பிறந்ததில் ஆரம்பித்து 1971இல் இறந்தது வரை வரிசையாக எழுதியிருந்தேன். வருடங்கள் எதுவும் தப்பில்லை. ஆனால் அந்த மனிதர் எப்படி முடிவெடுப்பார், யாரைக் கேட்பார், யாரைக் கேட்கமாட்டார் என்று ஒரு வரிகூட இல்லை. அதன் பிறகு இதே கேள்வியை நாலைந்து தடவை எழுதிப் பார்த்துத்தான் எனக்கு ஒரு வழி பிடிபட்டது. இதே தாளுக்குப் படிக்கிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

முதலில், 'சாதனைகள்', 'தோல்விகள்' என்று இரண்டு தலைப்புப் போட்டுப் பிரிக்காதீர்கள். நோட்ஸ்களில் அப்படித்தான் இருக்கும். ஆனால் குருஷ்சேவ் அந்தப் பெட்டிகளுக்குள் அடங்குகிறவர் இல்லை. கன்னிநிலத் திட்டத்தையே பாருங்கள். 1954இல் கஜகஸ்தானிலும் மேற்கு சைபீரியாவிலும் உழவே படாத புல்வெளியை உழச் சொன்னார். லட்சக்கணக்கான இளைஞர்கள் ரயிலேறிப் போனார்கள். 1956இல் சாதனை விளைச்சல். நாட்டின் தானியத்தில் பாதிக்குமேல் அந்தப் புது நிலத்திலிருந்தே வந்தது. 1963இல் வறட்சி. நிலத்தைத் தரிசு போட்டு ஆறவிடாமல் வருடா வருடம் விதைத்ததால் மேல்மண் காற்றோடு போயிருந்தது. அந்த ஆண்டு சோவியத் யூனியன் கனடாவிடமும் அமெரிக்காவிடமும் கோதுமை வாங்கியது. இது சாதனையா, தோல்வியா? ஒரே முடிவை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்து எழுதினால், அவருடைய பாங்கு தானாகத் துலங்கும்: தைரியம், அவசரம், வயலில் நேரில் இறங்கிப் பார்க்கும் ஆர்வம், எச்சரித்த நிபுணர்களைப் பொருட்படுத்தாத பிடிவாதம்.

இதைவிடக் கூர்மையான உதாரணம் ரியாசான். தலைப்புவாரியாகப் படிக்கிறவர்கள் தவறவிடும் இடம் இது. 1957இல், இறைச்சியிலும் பாலிலும் அமெரிக்காவை எட்டிப் பிடிப்போம் என்று குருஷ்சேவ் அறிவித்தார். ரியாசான் மாகாணத்தின் கட்சிச் செயலாளர் லாரியோனவ், 1959இல் ஒரே வருடத்தில் மூன்று மடங்கு இறைச்சி தருவதாக வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நாடெங்கும் முன்மாதிரியாகக் காட்டினார்கள்; அவருக்கு விருதும் வந்தது. கணக்கைக் காட்ட கறவை மாடுகளையும் இனப்பெருக்க மாடுகளையும் அறுத்தார்கள். அதுவும் போதாமல் பக்கத்து மாகாணங்களில் மாடும் இறைச்சியும் வாங்கிக் கணக்கில் சேர்த்தார்கள். அடுத்த வருடம் தொழுவம் காலி. 1960இல் குட்டு உடைந்தது. லாரியோனவும் அந்த ஆண்டே இறந்தார். தற்கொலை என்றே பெரும்பாலோர் எழுதுகிறார்கள். மேலிடம் இலக்கு சொன்னதும் கீழே பொய்க்கணக்கு எழுதும் பழக்கம் ஸ்டாலின் காலத்துச் சொத்து. பயத்தைக் குறைத்த குருஷ்சேவால் அந்தப் பழக்கத்தைக் குறைக்க முடியவில்லை. இந்த ஒரு வாக்கியம்தான் என் விடையின் தரத்தை மாற்றியது என்று நினைக்கிறேன்.

1956 பிப்ரவரி 25 உரையை எல்லோரும் எழுதுவார்கள். 20ஆவது கட்சி மாநாட்டில், மூடிய அரங்கில், ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஸ்டாலினின் குற்றங்களைப் பேசினார். இதில் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்று, மாஸ்கோவிலும் உக்ரைனிலும் 1930களின் களையெடுப்பில், அதாவது ஸ்டாலின் ஆட்சி நடத்திய கைதுகளிலும் கொலைகளிலும், அவருக்கும் பங்கு இருந்தது. இரண்டு, பலியான கட்சிக்காரர்களைப் பற்றிப் பேசியவர், நிலத்தைப் பறித்துக் கூட்டுப்பண்ணைகளாக்கியபோதும் பஞ்சத்திலும் செத்த விவசாயிகளைப் பற்றிப் பேசவில்லை. இதையெல்லாம் சொன்ன பிறகும் அந்த உரையின் எடை குறையாது. கட்டாய உழைப்பு முகாம்களிலிருந்து மனிதர்கள் வீடு திரும்பினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஹங்கேரியில் எழுந்த கிளர்ச்சியை அடக்க புடாபெஸ்ட்டுக்குள் டாங்கிகளை அனுப்பியவரும் அவரே. இரண்டையும் ஒரே பத்தியில் வையுங்கள்.

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் 1957க்கும் 1964க்கும் உள்ள தொடர்பு. 1957 ஜூனில் ஸ்டாலின் காலத்து மூத்த தலைவர்களான மலென்கோவ், மோலதவ், ககனோவிச் சேர்ந்து அவரைப் பதவியிறக்கப் பார்த்தார்கள். கட்சியின் உச்சியில் இருந்த சிறிய தலைமைக் குழுவில் பெரும்பான்மை அவர்கள் பக்கம். அதைவிடப் பெரிய அமைப்பான மத்தியக் குழுதான் தன்னை நீக்க முடியும் என்று குருஷ்சேவ் பிடிவாதமாக நின்றார். பாதுகாப்பு அமைச்சர் ஜுக்கோவின் ராணுவ விமானங்கள் மத்தியக் குழு உறுப்பினர்களை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தன, குருஷ்சேவ் ஜெயித்தார். தோற்றவர்களை அவர் கொல்லவில்லை. மோலதவ் மங்கோலியாவுக்குத் தூதராகப் போனார். மலென்கோவ் கஜகஸ்தானில் மின்நிலைய நிர்வாகியானார். நாலே மாதத்தில் ஜுக்கோவின் பதவியும் போனது என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

அன்று அவரைக் காப்பாற்றியவர்களில் பெரும்பாலோர் மத்தியக் குழுவில் இருந்த மாகாணக் கட்சிச் செயலாளர்கள். அவர்களையே பிறகு பகைத்துக்கொண்டார். 1961இல் பதவிகளைச் சுழற்சி முறையில் மாற்றும் விதி. 1962இல் கட்சி அமைப்பையே தொழிலுக்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று என்று இரண்டாகப் பிளந்தது. நேற்றுவரை மாகாணம் முழுவதையும் ஆண்டவருக்கு இப்போது பாதி அதிகாரம். 1964 அக்டோபரில் கருங்கடலோரப் பிட்சுந்தாவில் ஓய்விலிருந்தவரை மாஸ்கோவுக்கு அழைத்தார்கள். 14ஆம் தேதி அதே மத்தியக் குழு அவரை நீக்கியது. சில நாளில் கட்சியின் நாளிதழ் பிராவ்தா, அவர் பெயரைச் சொல்லாமலே, எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செயல்படும் போக்கைச் சாடியது. ஆனால் யாரும் அவரைச் சுடவில்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு தோட்டம் போட்டுக்கொண்டு இருந்தார். பதவி போனாலும் தலைவர் உயிரோடு இருக்கலாம் என்பது அவர் உண்டாக்கிய வழக்கம், அதன் பலனையும் அவரே அனுபவித்தார். 'தாக்கம்' என்று கேட்டால் நான் முதலில் எழுதுவது இதைத்தான்.

கியூபா உங்கள் விடையை விழுங்க விடாதீர்கள். 1962இல் அங்கே அமெரிக்காவைக் குறிவைத்து ஏவுகணைகளை வைத்ததும், பின்வாங்கியதும், 1963இல் அணுசோதனைத் தடை ஒப்பந்தத்துக்கு வந்ததும் நாலு வரி போதும். மிச்ச இடத்தைச் சாதாரண மக்களுக்குக் கொடுங்கள். ஒரே சமையலறையைப் பல குடும்பங்கள் பங்குபோட்ட நகரங்களில், அவர் காலத்து ஐந்து மாடிக் கட்டடங்கள் கோடிக்கணக்கானவர்களுக்குத் தனி வீடு தந்தன. சுவர் மெலிசு, சமையலறை சின்னது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு நம்பிக்கையானவர்களோடு மனம்விட்டுப் பேச முடிந்தது. அதன் பக்கத்திலேயே ரஷ்ய நகரமான நோவோசெர்காஸ்க்கில் நடந்ததை வையுங்கள். 1962 ஜூனில் இறைச்சி, வெண்ணெய் விலையை ஏற்றியதும் ரயில் எஞ்சின் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கிச்சூட்டில் 26 பேர் செத்தார்கள். அரசு அதைப் பல வருடம் மறைத்தது.

ஒரு சின்ன விஷயம்: குருசேவ், குருஷ்சேவ், க்ருஷ்சேவ் என்று பக்கத்துக்குப் பக்கம் மாற்றாதீர்கள். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தேர்வில் இந்தக் கேள்வியே வந்தது. 35 நிமிடம் ஒதுக்கியிருந்தேன், பிறந்த வருடத்தை எழுதவே இல்லை. மாஸ்கோ நோவோதேவிச்சி இடுகாட்டில் உள்ள அவர் கல்லறையில் தொடங்கினேன். அதைச் செய்தவர் சிற்பி எர்ன்ஸ்ட் நெயிஸ்வெஸ்ட்னி. 1962 டிசம்பரில் ஒரு கண்காட்சியில் குருஷ்சேவ் கண்டபடி திட்டிய அதே கலைஞரிடம்தான் பின்னாளில் குடும்பம் போய்க் கேட்டது. அவர் கறுப்புக் கல்லையும் வெள்ளைக் கல்லையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து, நடுவில் தலையை வைத்தார். கறுப்பு எங்கே முடிகிறது, வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று அந்தக் கற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன்; விடை அதன் போக்கில் வந்தது.