எந்தக் கதவுக்கும் பொருந்தும் அல்டிராப்: பட்டறையில் செய்து திருத்திய விவரம்

திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போகிறோம். அந்தப் பூட்டைத் தாங்கும் அல்டிராப் என்ற வெளித்தாழ்ப்பாளோ முக்கால் அங்குல மரத்திருகு நாலில் நிற்கிறது. பூட்டைத் தொடவே வேண்டாம். திருப்புளி ஒன்று இருந்தால் தாழ்ப்பாளும் பூட்டும் சேர்ந்தே கையோடு வந்துவிடும்.

அதனால் வெளித்தாழ்ப்பாளை மாற்றி வடிவமைக்க உட்கார்ந்தபோது இரண்டு நிபந்தனை வைத்துக்கொண்டோம். மூடிய நிலையில் திருப்புளிக்குப் பிடி கொடுக்கும் தலை ஒன்றும் வெளியே இருக்கக் கூடாது. தேக்கு, ஃப்ளஷ் (இருபுறமும் பலகை ஒட்டிய சமமுகக் கதவு), பிவிசி, இரும்புக் கதவு நாலுக்கும் ஒரே சாமான் பொருந்த வேண்டும்.

தண்டு 16 மி.மீ. கட்டிக் கம்பி. உடல் 50 மி.மீ. அகல, 3 மி.மீ. கனப் பட்டை, நீளம் 200. தண்டு ஓட இரண்டு புஷ், அதாவது குட்டைக் குழாய். முதல் மாதிரியில் புஷ்ஷின் உள்விட்டத்தை 16.3 என்று நெருக்கமாக வைத்தோம். பவுடர் கோட்டிங் போட்டு வந்ததும் தண்டு நுழையவே இல்லை. பூச்சு ஒரு பக்கத்துக்கு 70 மைக்ரான் (0.07 மி.மீ.) என்றால் தண்டு 0.14 மி.மீ. பருக்கும், துளை 0.14 சுருங்கும், விட்ட இடைவெளி கிட்டத்தட்ட முழுவதும் பூச்சுக்கே போய்விடும். இப்போது உள்விட்டம் 17, தண்டுக்கு ஜிங்க் முலாம் மட்டும். 18க்குப் போனால் தண்டு ஆடும், நெம்புவதற்கும் இடம் கிடைக்கும்.

கதவில் பிடிக்க மரத்திருகு கிடையாது. எம்8 (8 மி.மீ. மரை) கேரேஜ் போல்ட் நாலு, வெளியே வழுவழுப்பான குமிழ்த்தலை, நட்டு வீட்டுக்குள். தலைக்குக் கீழே உள்ள சதுரக் கழுத்து உட்கார உடல் பட்டையில் 8.5 மி.மீ. சதுரத் துளை வேண்டும். வட்டத் துளையாகவே விட்டால் நட்டை முறுக்கும்போது போல்டும் கூடவே சுற்றும். பஞ்ச் பிரஸ் இல்லாதவர்கள் 8.5 பிட்டால் துளைத்து, மூலையை அரத்தால் எடுக்கலாம், சலிப்பான வேலைதான். உள்பக்கம் 40 × 3 பட்டை கட்டாயம். அது இல்லாவிட்டால் வாஷர் மரத்தில் புதைந்து, ஆறு மாதத்தில் நட்டு தளர்ந்துவிடும்.

போல்ட் நீளக் கணக்கு: கதவு 35, இரண்டு பட்டை 6, வாஷர் 1.6, நட்டு 6.8, ஆக 49.4. 50 மி.மீ. போல்ட் எடுத்தால் நட்டின் விளிம்போடு நின்றுவிடும். 60 வாங்கி, இரண்டு மரை விட்டு மிச்சத்தை அறுத்து மழிப்பதே நல்லது.

பிவிசி கதவும் உள்கூடான ஃப்ளஷ் கதவும் வேறு ரகம். முறுக்க முறுக்கக் கதவு அப்பளமாக நசுங்கும். ஒவ்வொரு போல்டுக்கும் கதவின் கனத்துக்குச் சமமாக ஒரு துண்டுக் குழாய் செருக வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. சதுரக் கழுத்து சுமார் 5 மி.மீ. நீளம், பட்டையோ 3 மி.மீ.; மீதி 2 மி.மீ. குழாய் வாயில் முட்டி நிற்கும். அதனால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 15 உள்ள குழாயே சரி. இரும்புக் கதவில் வெறும் தகட்டில் பிடித்துப் பயனில்லை, சட்டத்து ஆங்கிளில் பிடிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. கதவுக்குக் கதவு மாறுவது தாழ்ப்பாளின் உடல் அல்ல, தண்டு போய் நுழையும் எதிர்ப்பக்கம்.

உள்ளே திறக்கும் ஒற்றைக் கதவில் கதவின் முகம் நிலையின் வெளிமுகத்திலிருந்து உள்வாங்கி இருக்கும். தண்டு நேராக நிலைக்காலின் பக்கவாட்டுக்குள் போகிறது. இருப்பதிலேயே பலமான அமைப்பு இதுதான். 65 மி.மீ. கனமுள்ள நிலையில் 20 மி.மீ. பிட்டால் 45 ஆழம் துளைத்து, வாயில் 3 மி.மீ. தகடு பதிக்கிறோம். தண்டு 40 மி.மீ. உள்ளே போகட்டும். கடைச் சாமான்கள் சிலவற்றில் 12தான் போகிறது. கடப்பாரையால் நெம்பினால் நிலைக்கும் கதவுக்கும் இடைவெளி அவ்வளவு விரிந்துவிடும்.

இரட்டைக் கதவில் எதிர்ப்பக்கம் என்பது அடுத்த கதவு. நடுவே சட்டம் வைத்திருந்தால் இரண்டு முகமும் ஒரே மட்டத்தில் இராது. 10 மி.மீ. வரை வித்தியாசம் வரும். வெளியே திறக்கும் கதவுக்கும் இதே சிக்கல். இதற்காக, தண்டு நுழையும் நாதாங்கியின் அடியில் வைக்க 2, 3, 5 மி.மீ. பேக்கிங் தகடுகளைச் சேர்த்தே கொடுக்கிறோம். மூன்றையும் மாற்றி மாற்றி அடுக்கினால் 2, 3, 5, 7, 8, 10 வரை கிடைக்கும்.

மழைக்காலத்தில் மரம் ஊறும், கீல் தேய்ந்து கதவு இறங்கும். அதற்காக நாதாங்கியில் மேலும் கீழும் 4 மி.மீ. நகரும்படி நீள்துளை போட்டோம். பொருத்துவது சுலபமாயிற்று, ஆனால் கட்டையால் ஓங்கி அடித்ததும் வழுக்கி இறங்கியது. இப்போது நீள்துளையில் சரிபார்த்த பிறகு, நடுவில் உள்ள வட்டத் துளை வழியே ஒரு போல்ட் இறக்கி நிரந்தரமாக்குகிறோம். இதைச் செய்யாமல் போகும் பொருத்துநர்கள் அதிகம். நீள்துளையே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

வலது, இடது கதவு இரண்டுக்கும் பொருந்த, கைப்பிடிக்கான துளை தண்டின் இரு பக்கமும் இருக்கிறது. கைப்பிடி மரையில் ஏறுவதால் கழற்றவும் முடியும். ஆகவே பக்கம் முடிவானதும் குறுக்கே ரோல் பின் (சுருட்டிய தகட்டு ஆணி) அடித்துவிட வேண்டும்.

ஹேக்சா ரம்பத்தால் தண்டை அறுப்பதைத் தடுக்க: தண்டின் முனையிலிருந்து லேத்தில் 6.5 மி.மீ. துளை போட்டு, கடினப்படுத்திய 6 மி.மீ. டவல் பின்னை (உருளை எஃகு ஆணி)த் தளர்வாக விடுகிறோம். பிளேடு அதைத் தொட்டதும் பின் உருளும், பல் பிடிக்காது. வாயை வெல்டிங் வைத்து அடைக்காதீர்கள். சூட்டில் பின்னின் கடினம் இறங்கிவிடும். அடித்து இறுக்கும் மூடி போதும். ஆங்கிள் கிரைண்டர் வந்தால் இதெல்லாம் சில நிமிடம்தான் தாங்கும், ஆனால் சத்தம் தெருவையே எழுப்பும்.

பொருத்தியதும் கதவின் கீழே ஆப்பு வைத்து 3 மி.மீ. தூக்கிப் பாருங்கள். தண்டு அப்போதும் ஒரு கையால் நகர வேண்டும். நகரவில்லையென்றால் துளையை அகட்டாமல், தண்டின் முனையை 2 மி.மீ. சரிவாகக் கடைந்து பாருங்கள். நிலையில் போட்ட துளையைத் திறந்தே வைத்திருந்தால் குளவி மண் வைத்து அடைத்துவிடும். தாழ்ப்பாள் கெட்டுப்போனதாக வரும் புகாரில் முதலில் ஒரு கம்பியை விட்டுக் குடைந்து பார்ப்பது அதனால்தான்.