ஹென்ரியட்டாவின் காது

இடது காதில் மெஷின் மாட்ட ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. நாலு பேர் சேர்ந்து பேசினால் உதட்டைப் பார்ப்பேன். பாதி புரியும், மீதிக்குத் தலையாட்டிவிடுவேன். அதனாலோ என்னவோ, இங்கிலாந்து அரசவை பற்றிப் படிக்கும்போது எத்தனையோ பேரழகிகளைத் தாண்டி ஹென்ரியட்டா ஹோவர்டிடம் மனது ஒட்டிக்கொண்டது. இரண்டாம் ஜார்ஜின் ஆசைநாயகி. காது மந்தமான பெண். கிசுகிசுவே சாப்பாடாக இருந்த அந்த அரண்மனையில் இருபது வருடம் காலம் தள்ளியவர்.

1706ல் சார்ல்ஸ் ஹோவர்டைக் கல்யாணம் செய்துகொண்டார். குடி, சூதாட்டம், அடி. ஜெர்மனியில் இருக்கிற ஹனோவருக்குப் போய், அடுத்து இங்கிலாந்தை ஆளப் போகிற குடும்பத்தின் தயவைப் பிடித்தால் பிழைக்கலாம் என்று திட்டம் போட்டார் ஹென்ரியட்டா. வழிச்செலவுக்காகத் தன் தலைமுடிக்குக்கூட விலை கேட்டுப் பார்த்திருக்கிறார். எப்படியோ போய்ச் சேர்ந்தார். 1714ல் முதலாம் ஜார்ஜ் முடிசூடியதும் இளவரசி கரோலினுக்குப் படுக்கையறைப் பணிப்பெண் ஆனார். அப்புறம் அந்த இளவரசியின் கணவருக்கே, பின்னாளில் இரண்டாம் ஜார்ஜ் ஆன இளவரசருக்கே, ஆசைநாயகி.

ஆசைநாயகி என்கிறோம், ஆனால் இந்தக் கதையில் ஆசையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இளவரசர் தினமும் குறித்த நேரத்துக்கு வருவார். முன்கூட்டியே தயாராகிவிட்டால் கையில் கடிகாரத்தோடு தன் அறையிலேயே நடந்துகொண்டிருப்பாராம், அந்த நிமிடம் வரும்வரை. அந்தக் காத்திருப்பில் எனக்குக் காதல் தெரியவில்லை, வழக்கம்தான் தெரிகிறது.

கரோலினுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் வைத்திருந்தார். கணவர் ராஜாவானதும் கரோலின் ராணியானார். ராணி கை கழுவும்போது பணிப்பெண் எதிரே மண்டியிட்டு, கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். 1728ல் ஹென்ரியட்டா இந்த முறை சரிதானா என்று பழைய ராணி ஆனிடம் வேலை பார்த்த பெண்மணியிடம் விசாரித்திருக்கிறார். ஆமாம், மண்டியிடத்தான் வேண்டும் என்று பதில் வந்தது. அந்த இடத்தை என்னால் சட்டென்று தாண்ட முடியவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தில் ராணி ஏதாவது சொன்னால் அவருக்கு என்ன கேட்டிருக்கும்?

பிறகு ஏன் இருந்தார்? வெளியே கணவன் இருந்தான். மனைவியின் காசு கணவனுடையது என்பதுதான் அன்றைய சட்டம். மகனும் அவன் பிடியில். ராணியின் வண்டியில் இருந்தாலும் இழுத்துக்கொண்டு போவேன் என்று மிரட்டினான். கடைசியில் வருடத்துக்கு 1,200 பவுண்டு கொடுத்துத்தான் அவன் வாயை அடைத்தார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1723ஆம் வருடத்துப் பத்திரம். இளவரசர் ஹென்ரியட்டாவுக்கு 11,500 பவுண்டு மதிப்புள்ள பங்குகளை எழுதி வைத்தார், கணவன் கை வைக்கவே முடியாதபடி அறங்காவலர்களின் பொறுப்பில். அந்தப் பணத்தில் ஹென்ரியட்டா லண்டனுக்கு அருகே ட்விக்கன்ஹாமில், தேம்ஸ் நதியைப் பார்த்தபடி மார்பிள் ஹில் என்ற வெள்ளை வீட்டைக் கட்டினார். கவிஞர் அலெக்சாண்டர் போப் தோட்டத்துக்கு யோசனை சொன்னார். நகைகளைக் காட்டி ஹென்ரியட்டாவை எடைபோடுகிறவர்கள் இந்தப் பத்திரத்தையும் படிக்க வேண்டும். அடி வாங்கிய ஒரு பெண், தன்னை யாரும் இழுத்துக்கொண்டு போக முடியாத ஒரு கதவைச் சம்பாதித்திருக்கிறார்.

1733ல் கணவன் இறந்தான். மறுவருடம் அரசவையை விட்டுக் கிளம்பினார். 1735ல் ஜார்ஜ் பெர்க்லியை மணந்தார். இந்த முறை நல்ல மனிதர்.

1760 அக்டோபரில் கென்சிங்டன் பக்கம் யாரையோ பார்க்கப் போனவர் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டார். ராஜா பக்கத்திலேயே இருந்தார். எத்தனையோ வருடம் கழித்து இவ்வளவு அருகில். அவருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை. இரண்டே நாளில் ராஜா இறந்துபோனார். அக்கம்பக்கத்தில் குடியிருந்த எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் இதை எழுதி வைத்திருக்கிறார். மாலை வேளைகளில் மார்பிள் ஹில்லுக்குப் போய், அந்தக் காதுக்குக் கேட்கும்படி பேசி, ஹென்ரியட்டா சொன்ன பழைய கதைகளைக் கேட்டவர் அவர்.