பட்டறை சாரும் அந்த மூன்று சனிக்கிழமைகளும்

நமக்குப் பட்டறை வேலை கற்றுக்கொடுத்த பட்டறை சார் போன பங்குனியில் காலமான செய்தி வந்தபோது, சிங்கப்பூரில் இரவு ஷிப்டில் இருந்தேன். மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நம் பழைய மாணவர் சங்கத்தில் கேட்டதும் அவரைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

நாம் படித்த இடத்தின் ஹேங்கரில், அந்த விமானக் கொட்டகையில், நின்ற எச்.டி.-2 உங்களுக்கு நினைவிருக்கும். 1951-இல் முதன்முதலாகப் பறந்த பயிற்சி விமான ரகம். அதன் கேனபிக்கு, அதாவது விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடிக்கு, மாற்றாக வந்த பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்) பலகைகள் இரண்டு, மரப்பெட்டிக்குள் தகரக் கூரைக்குக் கீழே பல கோடைகளைப் பார்த்துவிட்டன. கீறல் படாமலிருக்கப் பூசும் ரப்பர் பூச்சு புதிதாக இருந்தால் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வரும். இதுவோ வெயிலில் வெந்து இறுகி, பெர்ஸ்பெக்ஸோடு ஒட்டிப்போயிருந்தது. நகம் வைத்தால் துணுக்குத் துணுக்காகத்தான் பெயர்ந்தது.

1983. நான் இரண்டாம் ஆண்டு. இரண்டு மணி நேரம் சுரண்டியதில் பொறுமை போய்விட்டது. பித்தளை டோக்கனைக் கொடுத்து பெயின்ட் ரூமிலிருந்து தின்னர் வாங்கி வந்தேன். துணியில் நனைத்துத் தேய்த்ததும் பூச்சு கரைந்து வழிந்தது. எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டேன் என்ற பெருமையோடு கழுவித் தூக்கிப் பிடித்தேன். நேராகப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. சற்றுச் சாய்த்ததும் போல்ட் துளைகளைச் சுற்றி வெள்ளி இழை இழையாக விரிசல்கள்.

சார் திட்டவில்லை. சாயங்காலம் வகுப்பு முழுவதையும் வெளியே கூப்பிட்டு, ஒரு ஸ்டூலில் என்னை மேற்குப் பார்த்து உட்கார வைத்தார். பலகையை என் முகத்துக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார்.

"என்னடா தெரியுது?"

"வெளிச்சம் சார்."

"வேற?"

"வேற ஒண்ணும் தெரியல சார்."

"எதிர்ல ஒரு விமானம் வந்தா?"

நான் வாய் திறக்கவில்லை. சூரியன் இறங்கும்வரை எழுந்திருக்கவும் விடவில்லை. அன்று இரவு நான் மெஸ்ஸுக்குப் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை, ஆளில்லாத பட்டறைக்கு என்னை மட்டும் வரச் சொன்னார். மிச்சமிருந்த பலகையை என் கையிலேயே கொடுத்தார். அதை என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை.

சூட்டில் பெர்ஸ்பெக்ஸ் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு விரியும் என்பதை அன்றுதான் சொன்னார். துளைகளை போல்ட்டைவிடப் பெரிதாக வைப்பது அதனால்தான். வளைக்கும்போதும் துளை போடும்போதும் உள்ளே ஒரு இழுவை தங்கிவிடும். தின்னர், அசிடோன், பெட்ரோல் எதுவானாலும் அந்த இழுவை இருக்கிற இடத்தில்தான் பிளக்கும். மேலே விழுந்த கீறலை மெருகேற்றி எடுத்துவிடலாம், உள்ளே போன விரிசலை எடுக்க முடியாது.

அப்புறம் பெர்ஸ்பெக்ஸைக் கெடுக்காத வகை நாப்தா என்னும் கரைப்பானில் துணியை நனைத்து ஓரத்தில் வைத்தார். பூச்சு ஊறி இளகும்வரை சும்மா இருக்க வேண்டும், அதுதான் வேலை. இளகியதும் கட்டைவிரலால் நெம்பி, ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை. பூச்சு விட்ட இடமெல்லாம் தண்ணீர் ஓடவிட்டு வெறுங்கையால் தடவச் சொல்வார், மணல் இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும் என்று. காய்ந்த துணியை மட்டும் தொடவே விடமாட்டார். தேய்த்தால் மின்னேற்றம் உண்டாகித் தூசியை இழுக்கும், அந்தத் தூசியே கீறும்.

மூன்று சனிக்கிழமை ஆயிற்று. கடைசி நாள் சாயங்காலம் அதே ஸ்டூலை அவரே தூக்கி வந்து மேற்குப் பார்த்துப் போட்டார். இந்தத் தடவை அவர் உட்கார, நான் பலகையைப் பிடித்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"சரி, மாட்டலாம்."

படிப்பு முடிந்தபோது, "பட்டறையில எனக்கு ஒரு கை வேணும், இங்கேயே இருந்துடேன்டா" என்றார். இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் சார் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆகிறது. இங்கே எத்தனையோ பேருக்கு அவர் சொன்னதைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அங்கே ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் ஒரே ஒரு கடிதம் எழுதியிருந்தார். பெர்ஸ்பெக்ஸ் மெருகேற்றும் மைக்ரோ மெஷ் தாள், சொரசொரப்பு எண் 1500-லிருந்து 12000 வரை ஒரு செட் கிடைத்தால் பையன்களுக்கு உதவும் என்று. அந்த வாரமே வாங்கினேன். தபாலில் அனுப்பாமல், ஊருக்குப் போகும்போது நானே கையில் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். உறை பிரிக்காமல் என் அலமாரியில்தான் இருக்கிறது.