வாம்பம்: நாட்குறிப்பு

ஜூன் 3
வாம்பம் என்பது வட அமெரிக்கப் பூர்வகுடிகள் கடல் ஓடுகளிலிருந்து செய்த மணி. அதைச் 'சிப்பிப் பணம்' என்று எழுதுவதை நாம் விட்டுவிட வேண்டும். பணமாக்கியது ஐரோப்பியர் கணக்கு. ஹோடனொசோனி (இரோகுவா கூட்டமைப்பு) மக்களிடம் அது சொல்லுக்குச் சாட்சி. துக்கம் விசாரிக்கவும் தூது போகவும் மணிச் சரம்; உடன்பாட்டுக்கு மணிகளால் நெய்த பட்டை. வெறுங்கையோடு சொன்ன பேச்சுக்குக் கனமில்லை.

ஜூன் 5
செய்முறை. வெள்ளை மணிக்கு வெல்க் சங்கின் நடுத்தண்டு. ஊதாவுக்குக் குவாஹாக் மட்டி. அதன் ஓட்டில் உள்விளிம்பை ஒட்டிய திட்டு மட்டும்தான் ஊதா. அதனால்தான் ஊதாவுக்கு இரட்டிப்பு மதிப்பு.

துண்டைக் குச்சியாகத் தேய்த்து, பிளந்த மரத்தில் இறுக்கித் துளை போட வேண்டும். மணியின் நீளம் 6, 7 மி.மீ.தான். ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுமுனை சில்லாகத் தெறிக்கும். ஆகவே பாதி துளைத்து, திருப்பி மறுபாதி. இரண்டும் நடுவில் சந்திக்காவிட்டால் மணி வீண். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்: சூடேறினால் ஓடு விரியும், உலர்ந்த தூளோ நுரையீரலைக் கெடுக்கும். பிறகு கோத்து, பள்ளம் வெட்டிய கல்லில் உருட்டித் தேய்த்தால் உருளை வடிவம் வரும்.

கல்முனையால் இவ்வளவு மெல்லிய துளை போடுவது பெரும்பாடு. கப்பலில் வந்த இரும்பு ஊசிதான் இதைப் பெருவாரியாகச் செய்ய வைத்தது.

ஜூன் 9
1622-ல் டச்சு வணிகர் யாக்கோப் ஏல்கென்ஸ் பீக்வட் என்ற பூர்வகுடியின் தலைவர் ஒருவரைப் பிடித்துவைத்து, 140 பாகத்துக்கு (ஒரு பாகம் ஆறடி நீளம்) மேல் வாம்பம் மீட்புப் பொருளாக வாங்கினார். இந்த மணியின் விலை டச்சுக்காரர்களுக்குப் புரிந்தது இப்படித்தான். 1627-ல் பிளிமத்தின் ஆங்கிலக் குடியேறிகள் அவர்களிடம் ஏறக்குறைய 50 பவுண்டுக்கு வாங்கினார்கள். விற்றுத் தீர்க்க இரண்டு ஆண்டு ஆனது. அதன்பின் கேட்ட அளவுக்குக் கொடுக்க முடியவில்லை. உள்நாட்டுப் பூர்வகுடிகளிடம் பீவர் (நீர்நாய் போன்ற விலங்கு) தோல் வாங்க அதையே கொடுத்தார்கள்.

1637-ல் மாசசூசெட்ஸ் என்ற ஆங்கிலக் குடியேற்றம் 6 வாம்ப மணி ஒரு பென்னிக்குச் சமம் என்று விதித்தது. அப்படியானால் 5 ஷில்லிங்குக்கு (60 பென்னி) 360 மணி.

ஜூன் 10
வாம்பத்தின் மதிப்புச் சரிந்ததற்குக் காரணம் அதற்கு உள்ளேயே இருந்தது. இரும்பு ஊசியால் மணி பெருகியது. மெருகிடாத, சரியாகக் கோக்காத சரக்கும் சேர்ந்தே வந்தது. 1650-ல் டச்சுக் குடியேற்றமான நியூ நெதர்லாந்து தரம் பிரித்தது: ஒரு ஸ்டைவருக்கு (டச்சுச் சில்லறைக் காசு) நல்லதில் 6 வெள்ளை மணி, மட்டமானதில் 8. கரையோரம் பீவர் அருகி, வெள்ளிக் காசு புழங்கத் தொடங்கியதும் 1661-ல் மாசசூசெட்ஸ் வாம்பத்தைப் பணமாக ஏற்ற சட்டத்தையே நீக்கிவிட்டது. அபராதமும் கப்பமும் வாம்பத்தில் கட்டி வந்த நாரகான்செட் பூர்வகுடி மக்களிடம் அதற்குப் பிறகு கட்டுவதற்கு மிஞ்சியது நிலம்தான். எனக்கு ஆறாத இடம் இது.

ஜூன் 14
1989-ல் நியூயார்க் மாநில அருங்காட்சியகம் 12 வாம்பப் பட்டைகளை ஹோடனொசோனி மக்களில் ஒரு பிரிவான ஒனொண்டகாவிடம் திருப்பிக் கொடுத்தது. பட்டையில் நீளவாக்கில் தோல் வார்கள். குறுக்கே ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு நூல், வாருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்று அறுந்தாலும் மற்றது மணியைப் பிடித்துக்கொள்ளும்.